உரிய வழி

ராணிப்பேட்டையிலிருந்து முதல் பஸ்.
வேலூரில் இப்போது ஐந்தரை.
கராச்சியில் ஐந்து, காட்மாண்டில் ஐந்தே முக்கால், டாக்காவில் ஆறு.
கடிகாரங்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்,
நொடி ஒன்றுதான்.

வெள்ளையடித்த மரக்கூண்டைத் திறக்கும்போது
மூச்சை அடக்கிக்கொள்வேன்.
என் சூடு ஊர்க் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது.
உலர்ந்த குமிழ் இருபத்தைந்து புள்ளி நான்கு.
ஈரத்துணி சுற்றியது இருபத்து மூன்று புள்ளி எட்டு.
காற்று வடகிழக்கு. மேகம் எட்டில் ஏழு.
பேர்ணாம்பட்டில் பீடியை எண்ணிக் கட்டுவார்களே, அப்படி
எண்களை ஐந்தைந்தாய்க் கட்டி
அனுப்பிவிடுகிறேன் உலகத்துக்கு.

இதே நொடியில் திரிகோணமலையில்
யாரோ ஒருவர் இதே கதவைத் திறக்கிறார்.
போன மாதம் மூன்று நாள் அவர் எண்கள் வரவில்லை.
காய்ச்சலோ என்று நினைத்துக்கொண்டேன்.
எல்லையில் குண்டு வெடித்த வாரத்தில்
தூதர்களைத் திருப்பி அழைத்தார்கள்.
கராச்சியின் பனிநிலையை யாரும் திருப்பி அழைக்கவில்லை;
அது தினமும் வந்தது,
பால் பாக்கெட் மாதிரி.

பாலாறு மட்டும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.
தண்ணீர் இல்லாத ஆறு என்று ஊரைக் கேலி பேசுவார்கள்.
அந்தக் கேலியை நம்பி
விருதம்பட்டு தேசிங்கு மணலில் மாடு கட்டினார்.
இரவு இரண்டு மணிக்கு ஆறு எழுந்து வந்தது.
கயிற்றை அறுத்துக்கொண்ட மாடு ஒன்றே ஒன்று.

ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில்தான் இருக்கிறது
குப்பத்துப் பக்கத்துத் தடுப்பணை.
அது நிரம்பியதா என்று கேட்டு ஒரு கடிதம் போனது.
ஏழு வாரம் கழித்து முத்திரையோடு பதில்:
உரிய வழியில் கோரவும்.

நாங்கள் உரியதல்லாத வழியைக் கண்டுபிடித்தோம்.
அணையோரம் பம்ப்செட் வைத்திருக்கும் கங்குலப்பா
மகளை வாணியம்பாடியில் கொடுத்திருக்கிறார்.
அணைச்சுவரில் இறங்கும் படிகளை எண்ணி
அவர் அவளுக்குச் சொல்வார், அவள் எனக்கு.
அஞ்சு படி தெரியுது. மூணு. ஒண்ணரை.
அடுத்த ஐப்பசியில் ஒரு நள்ளிரவு
அவர் குரலையே பதிவு செய்து அனுப்பியிருந்தாள்:
மெட்லு கனபடலேதம்மா.
படியே தெரியவில்லையாம்.
அன்று தேசிங்கின் தொழுவம் மேட்டில் விடிந்தது.

அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் பெயர்.
வேலூரில் ஒரு அம்மா இருக்கிறார்,
கேட்டால் நம்பர் சொல்வார்.

அப்படிக் கேள்விப்பட்டுத்தான் கூப்பிட்டார்
திருமுக்கூடலில் தண்ணீர்த்தொட்டி திறந்துவிடும் வேதநாயகி.
மழையா கேட்கிறீங்க என்றேன்.
மழை வேணாம்மா.
உங்க ஊர்த் தோல்பட்டறைக் கிணறுங்கள்ல
என்ன காட்டுதுன்னு சொல்லுங்க.
ஆறு காஞ்சாலும் அடியில நடந்து
எங்க கிட்டத்தானே வருது?
குடத்தில் மஞ்சளாய் ஒரு கோடு நிற்கிறதாம்.

அந்த எண்கள் என் வீட்டில்தான் இருக்கின்றன.
பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் என் கணவரின்
காக்கிப் பையில்.
தோசையைப் பிய்த்தபடி சொன்னார்:
அதெல்லாம் வெளியே தரக் கூடாது.
உரிய வழியில கேட்கச் சொல்லு.

சட்னி கரண்டி என் கையில் அப்படியே நின்றது.
இத்தனை வருஷமாய் நான் கீழே இருப்பவள்
என்றல்லவா நினைத்திருந்தேன்.

அவர் கையைக் கழுவினார்.
வெகுநேரம் கழுவினார்.
பிறகு பையைப் பூட்டாமல் தூங்கப் போனார்.

மழைப் பதிவேட்டின் பின்தாளில் எழுதினேன்.
பதினோரு கிணறுகள்.
பழக்கதோஷம், ஐந்தைந்தாய்க் கட்டினேன்.
ஒன்று மிஞ்சியது.
எண்ணைப் பார்த்தேன், பிறகு இடத்தைப் பார்த்தேன்.

எங்கள் தெரு.